மொழி ஆசிரியர்கள் தாங்களாகவே படிக்கிற ஒன்லைன் பாடநெறி: எப்படி அமைத்தால் வகுப்பறை வரை போய்ச் சேரும்?

படுவான்கரை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். இங்கே மொழி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, தரம் 6 முதல் 9 வரை தமிழ், ஆங்கிலம், இரண்டாம் மொழிச் சிங்களம் படிப்பிக்கிறவர்களுக்காக ஒன்லைனில் ஒரு வாண்மை விருத்திப் பாடநெறி செய்யத் தொடங்கியிருக்கிறோம். யாரும் காசு வாங்கப்போவதில்லை, யாரையும் கட்டாயப்படுத்தப்போவதும் இல்லை. அவரவர் தமக்கு வசதியான நேரத்தில், தாங்களாகவே படித்து முடிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது மட்டும் முடிவாகிவிட்டது.

இந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. சேவைக்காலப் பயிற்சி என்று ஒரு நாள் போய் மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவதால் வகுப்புக்குள் பெரிதாக ஒன்றும் மாறுவதாக எனக்குத் தெரியவில்லை. நல்ல வளவாளர்கள் வருகிறார்கள், நல்ல விஷயம் சொல்கிறார்கள், கேட்கும்போது உற்சாகமாகத்தான் இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை தரம் 8க்குள் போனால் பழையபடி ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்க, பிறகு விடையைக் கொப்பியில் எழுது. வெல்லாவெளியிலிருந்தும் வாகரையிலிருந்தும் வருகிறவர்களுக்குப் போக்குவரத்திலேயே பாதி நாள் போய்விடுகிறது, மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

இப்போது கையில் இருக்கிற திட்டம் இதுதான்: 12 அலகுகள், ஒவ்வொன்றிலும் 40 நிமிட வீடியோ, ஒரு பீடிஎஃப், கடைசியில் பத்து எம்சிகியூ (பல்தேர்வு வினா), எல்லாம் முடித்தால் சான்றிதழ். அலகுகளின் தலைப்புகள் வாசிப்புத் திறன், எழுத்துத் திறன், இலக்கணம் கற்பித்தல், கணிப்பீடு என்று போகின்றன. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் மண்டபத்தில் நடந்ததையே போனுக்குள் கொண்டுவந்து வைக்கப் போகிறோமோ என்று எனக்கு மனம் உறுத்துகிறது. வீடியோவை ஓடவிட்டு விட்டுச் சோறு சமைக்கப் போனால் யார் கண்டது? எம்சிகியூ விடைகள் ஒரே இரவில் வட்ஸ்அப் குறூப்பில் சுற்றிவிடும்.

இப்படி ஏதாவது செய்து பார்த்தவர்கள், அல்லது இப்படி ஒன்றில் சேர்ந்து படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எவ்வளவு உள்ளடக்கம் போதும்? கெடு வைக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா? சிக்னல் இல்லாத இடத்துக்காரரை எப்படிச் சேர்த்துக்கொள்வது?


வாவிக்கரையான்:

டீச்சர், உங்கள் மனம் உறுத்துவது சரியான இடத்தில்தான். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், வேலையில் இருந்த காலத்தில் பாதிக்கு மேல் தமிழ்ப் பாட ஆலோசகராகப் பாடசாலை பாடசாலையாகப் போனவன். அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம், உங்கள் திட்டத்தில் 12 அலகு இருக்கிறது, ஆசிரியரின் வகுப்பறை எங்கேயும் இல்லை.

சுயமாகக் கற்றல் என்றால் தனியே இருந்து கற்றல் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வளர்ந்தவர்களின் கல்வி பற்றி எழுதிய மல்கம் நோல்ஸ் 1975இல் அதை விளக்கும்போதே, மற்றவர்களின் உதவியோடோ உதவி இல்லாமலோ என்று சேர்த்துத்தான் சொன்னார். தனக்கு என்ன தேவை என்று கண்டுபிடிப்பது, இலக்கு வைப்பது, அதற்கு வேண்டியதைத் தேடுவது, ஒரு வழியைத் தெரிந்து செய்து பார்ப்பது, கடைசியில் என்ன நடந்தது என்று தானே மதிப்பிடுவது, இவ்வளவும் கற்கிறவரின் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கருத்து. உங்கள் 12 அலகில் தேவையைக் கண்டுபிடித்தது யார்? நீங்கள். இலக்கு வைத்தது? நீங்கள். மதிப்பிடுவது? எம்சிகியூ. ஆசிரியருக்கு விட்டிருப்பது எத்தனை மணிக்கு வீடியோ பார்ப்பது என்ற ஒன்றை மட்டும்தான். அதை நேர வசதி என்று சொல்லலாம், சுயமாகக் கற்றல் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. ஆசிரியர் பயிற்சியில் கேட்டது வகுப்புக்குள் ஏன் வருவதில்லை என்று அமெரிக்காவில் ஜொய்ஸ், ஷவர்ஸ் என்ற இருவர் 1980களில் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். கோட்பாட்டைச் சொல்லிக்கொடுப்பது, செய்து காட்டுவது, பயிற்சி மண்டபத்திலேயே செய்து பார்க்கச் சொல்வது, இவற்றால் அறிவும் ஓரளவு திறனும் வந்தன. வகுப்பறையில் அது வழக்கமாக நிலைத்தது, திரும்பிப் போன பிறகு பக்கத்தில் ஒரு சக ஆசிரியர் துணைக்கு இருந்தபோதுதான். ஆகவே வீடியோவை எவ்வளவு அழகாக எடுக்கலாம் என்பதில் உங்கள் நேரத்தைக் கரைக்க வேண்டாம். வீடியோ பார்த்த ஆசிரியர் அடுத்த பாடவேளையில் என்ன செய்வார், அதை யாரிடம் சொல்வார் என்பதில் நேரத்தைப் போடுங்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தரம் 7 கிரகித்தல் பாடம். ஆசிரியர் போனை மேசையில் வைத்து, தன் குரலைப் பத்து நிமிடம் பதிவு செய்கிறார். வீட்டில் போய்க் கேட்கும்போது ஒரு தாளில் இரண்டே விஷயம் குறிக்க வேண்டும்: எத்தனை கேள்வி கேட்டேன், ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு எத்தனை விநாடி வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவ்வளவுதான். என்ன வரும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் போய்ப் பின்வாங்கில் உட்கார்ந்து பார்த்த வகுப்புகளில் பெரும்பாலும் அதுதான் நடந்தது. “இந்தப் பந்தியில் ஆசிரியர் என்ன சொல்ல வாறார்?” என்று கேட்பார், மூச்சு விடுவதற்குள் விடையைத் தானே சொல்லத் தொடங்குவார், பிறகு “விளங்கிச்சா?” என்பார், நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் “ஓம் மிஸ்” என்பார்கள். அந்த “ஓம் மிஸ்”ஸில் ஒரு பிள்ளைக்கும் விளங்கியதா இல்லையா என்பது தெரியவே வராது.

அதைக் கேட்ட பிறகுதான் அந்த ஆசிரியருக்கு வாசிக்க ஒன்று கொடுக்க வேண்டும். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் விஞ்ஞான வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, பதில் சொல்லாமல் இருந்தவர்கள் குறைந்தார்கள், கேட்காமலே பேச வந்தவர்கள் கூடினார்கள். இதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். முதலில் இந்தப் பக்கத்தைக் கொடுத்தால் “சரி, நல்ல கருத்து” என்று போய்விடுவார். தன் குரலைக் கேட்ட பிறகு கொடுத்தால் ஒரு வரி விடாமல் வாசிப்பார். பிறகு அடுத்த கிழமை அதே வகுப்பில் மனதுக்குள் மூன்று எண்ணிப் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், மறுபடியும் பதிவு, மறுபடியும் எண்ணல், இரண்டையும் வைத்து ஒரு சக ஆசிரியரோடு பேச்சு. இதுதான் ஒரு அலகு. 40 நிமிட வீடியோ இதில் எங்கே தேவைப்படுகிறது?

தலைப்புகளையும் மாற்றுங்கள். “வாசிப்புத் திறன்” என்று போட்டால் அது பாடத்திட்டத்தின் பெயர். “என் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளையும் சரளமாக வாசிக்கிற பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள், நான் என்ன செய்வது?” என்று போட்டால் அது ஆசிரியரின் கேள்வி. அப்படி எட்டுப் பத்துக் கேள்வி வைத்து, எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை, மூன்றைத் தெரிந்தெடுங்கள் என்று சொல்லுங்கள். தெரிவு என்பது அங்கேதான் தொடங்குகிறது.


அக்கரைப்பற்று இங்லிஷ் சேர்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வாவிக்கரையான் சேர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் தெரிவை முழுதாக ஆசிரியரிடம் விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பல வருடமாக வெளிநாட்டு ஒன்லைன் பாடநெறிகள் பலவற்றில் சேர்ந்து படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஹார்வர்டும் எம்ஐடியும் எடெக்ஸ் என்ற ஒன்லைன் தளம் மூலம் நடத்திய பாடநெறிகள் பற்றி 2019இல் சயன்ஸ் சஞ்சிகையில் ஒரு ஆய்வு வந்தது. பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பாடநெறிக்குள் ஒருமுறைகூட நுழையவில்லை. 2017-18 ஆண்டில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். உலகத்தின் மிகச் சிறந்த பல்கலைக்கழகங்கள், காசுக்குக் குறைவில்லை, தொழில்நுட்பத்துக்குக் குறைவில்லை. அவர்களுக்கே இந்த நிலை என்றால், பாடசாலை விட்டு வந்து, டியூஷன் முடித்து, பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு இரவு பத்து மணிக்குப் போனைத் திறக்கிற நம் ஆசிரியைக்கு “உங்கள் வசதிக்கு முடியுங்கள்” என்று சொல்வது உதவியே இல்லை. அந்த வசதி வரவே வராது.

அதனால் கெடு வேண்டும், ஆனால் அது தனி ஆளின் கழுத்தில் கட்டுகிற கெடுவாக இருக்கக் கூடாது. நான்கு ஐந்து பேர் கொண்ட சிறு குழு, எல்லாரும் ஒரே நாளில் தொடங்குவது, இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு மணித்தியாலம் பேசுவது. அந்தப் பேச்சுக்கு வரும்போது வகுப்பில் செய்து பார்த்த ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்பது மட்டுமே விதி. இடையில் எந்த நாள் எந்த நேரம் படிக்கிறார் என்பது அவர் பாடு. நான் விடாமல் முடித்த பாடநெறிகள் எல்லாம் இப்படி ஏதோ ஒரு குழுவோடு போனவைதான், தனியே தொடங்கியவை அரைவாசியில் நின்றுபோயின.

தெரிவு பற்றி. ஜெரல்ட் குரோ என்பவர் 1991இல் எழுதியதை வாசித்துப் பாருங்கள். கற்கிறவர்களை அவர் நான்கு நிலையாகப் பார்க்கிறார்: பிறரைச் சார்ந்திருப்பவர், ஆர்வம் வந்தவர், ஈடுபாட்டோடு பங்கெடுப்பவர், தானே தன்னை நடத்திக்கொள்பவர். பிரச்சினை வருவது பொருத்தம் தவறும்போது. முதல் நிலையில் இருப்பவருக்கு முழுச் சுதந்திரத்தையும் கொடுத்தால் அவர் திகைத்து விலகிவிடுவார், நான்காம் நிலைக்காரரைக் கையைப் பிடித்து நடத்தினால் அவருக்குக் கோபம் வரும். எங்கள் பக்கத்திலேயே பாருங்கள், அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியில் படித்து நேற்று நியமனம் கிடைத்த ஒரு பிள்ளையும், இருபது வருடம் ஓ.எல். வகுப்பு எடுத்த ஒரு மிஸ்ஸும் ஒரே பாடநெறிக்குள் வரப்போகிறார்கள். புதிதாய் வந்தவருக்கு எட்டுக் கேள்வியில் மூன்றைத் தெரிந்தெடு என்றால் எது தன் பிரச்சினை என்றே சொல்லத் தெரியாது, எல்லாமே பிரச்சினையாகத்தான் இருக்கும். எனவே முதல் அலகை எல்லாருக்கும் பொதுவாக வையுங்கள், சேர் சொன்ன அந்தக் குரல் பதிவு அதற்கு அருமையாகப் பொருந்தும். அதைச் செய்து முடிக்கும்போது தன் வகுப்பில் எங்கே இடிக்கிறது என்று அவருக்கே தெரியவரும், பிறகு தெரிவு செய்யச் சொல்லலாம். கடைசி அலகில் தலைப்பையே ஆசிரியர் எழுத வேண்டும்.

இங்லிஷ் படிப்பிக்கிறவர்களுக்கு என் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி தருகிறேன்: “பிள்ளை பிழையாகச் சொன்னால் நான் என்ன செய்கிறேன்?” ஒரு பிள்ளை “ஷீ கோ டு மார்க்கட்” என்கிறது. நாங்கள் உடனே “ஷீ கோஸ் டு த மார்க்கட், குட், நெக்ஸ்ட்” என்று போய்விடுகிறோம். பிள்ளை தன்னைப் பாராட்டியதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். கனடாவில் பிரெஞ்சு மொழிவழி வகுப்புகளில் லிஸ்டர், ரான்டா இருவரும் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வில் ஆசிரியர்கள் அதிகம் செய்தது இதைத்தான், திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த வகை. பிள்ளை அதைக் கவனித்துத் தன் வாயால் எதுவும் செய்தது மிகக் குறைவாக இருந்ததும் இதே வகையில்தான். “எப்படி? இன்னொருதரம் சொல்லு” என்று பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்தபோது பிள்ளையே திருத்தப் பார்த்தது. இதை ஒரு ஆசிரியர் தன் பதிவில் தானே எண்ணிப் பார்க்கலாம். தமிழுக்கும் சிங்களத்துக்கும் இதே கேள்வி அப்படியே பொருந்தும்.

நேரம் பற்றியும் ஒன்று. பாடநெறியை எந்த மாதத்தில் தொடங்குகிறீர்கள் என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். நோன்பு மாதத்தில் எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும்போது உங்கள் ஊர்க்காரர் வரமாட்டார்கள், கார்த்திகை மார்கழியில் வெள்ளம் வந்தால் யாருமே வரமாட்டார்கள். பரீட்சைக் கடமையும் இருக்கிறது. இவற்றை முதலிலேயே நாட்காட்டியில் குறித்துவிட்டு மிச்சத்தில் பாடநெறியைப் பொருத்துங்கள்.


படுவான்கரை டீச்சர்:

சேர் இருவருக்கும் மிக்க நன்றி. திட்டத்தை மற்றவர்களோடு உட்கார்ந்து திரும்ப எழுதப் போகிறோம், குரல் பதிவோடு தொடங்குவது எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் சொன்ன உடனே ஒரு டீச்சர் கேட்ட கேள்வி இது: “அந்தப் பதிவை யார் கேட்பார்கள்?” அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. தன் வகுப்பு சரியில்லை என்று ஒருவர் மனம் திறந்து சொல்ல, அது அதிபர் காதுக்கோ வலயக் கல்வி அலுவலகத்துக்கோ போனால் பிறகு யாருமே உண்மையைப் பேசமாட்டார்கள். பிள்ளைகளின் குரலும் அதில் விழும். இதற்கு என்ன செய்யலாம்? அப்புறம், நுட்ப விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எங்கே ஏற்றுவது என்றும் சொல்லுங்கள். எங்களிடம் சேர்வரும் இல்லை, காசும் இல்லை.


வாவிக்கரையான்:

பதிவு ஆசிரியரின் போனை விட்டு வெளியே போகக் கூடாது. இதை முதல் பக்கத்திலேயே விதியாக எழுதிவிடுங்கள். குழுவுக்குக் கொண்டுவருவது எண்ணிக் குறித்த தாளும், அதைப் பற்றித் தான் எழுதிய நாலு வரியும்தான். கேட்டு முடித்ததும் பதிவை அழித்துவிடலாம், பிள்ளைகளின் குரல் எங்கும் போகாது. அதற்கும் முன்னால் அதிபரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வகுப்புப் பிள்ளைகளிடமும் “நான் எப்படிப் படிப்பிக்கிறேன் என்று கேட்டுப் பார்க்கத்தான்” என்று சொல்லுங்கள். பிள்ளைகள் அதை மிக நன்றாக விளங்கிக்கொள்வார்கள்.

குழுவுக்குள் மேலதிகாரி யாரையும் சேர்க்காதீர்கள், ஆலோசகரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆலோசகர் வாசிப்புப் பக்கம் எழுதித் தரட்டும், கேட்டால் பதில் சொல்லட்டும். சக ஆசிரியர்களின் பேச்சுக்குள் அவர் இருந்தால் அது மேற்பார்வை ஆகிவிடும். முடிந்தால் ஒரே பாடசாலைக்காரரை ஒரே குழுவில் போடாமல் விடுங்கள், களுவாஞ்சிகுடிக்காரரும் ஏறாவூர்க்காரரும் சேர்ந்தால் இருவருமே தாராளமாகப் பேசுவார்கள்.


ஒலுவில் தம்பி:

டீச்சர், நான் ஆசிரியர் இல்லை, பாடசாலைகளுக்கும் சில நிறுவனங்களுக்கும் மூடில் (ஒன்லைன் பாடநெறி நடத்துகிற மென்பொருள்) போட்டுக் கொடுக்கிற வேலை செய்கிறேன். நுட்பப் பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மூடில் இலவசம், திறந்த மூலம், 2002இலிருந்து இருக்கிறது, தமிழ் இடைமுகமும் உண்டு. அதைச் செய்த மார்ட்டின் டூகியாமஸ் அவுஸ்திரேலியாவின் பாலைநிலப் பகுதியில் வளர்ந்தவர், பக்கத்தில் பள்ளிக்கூடமே இல்லாமல் வானொலி வழியாகப் பாடம் படித்தவர். தூர இடத்துப் படிப்பின் கஷ்டம் தெரிந்த ஆள் செய்த கருவி என்பதால் சொல்கிறேன். உங்களுக்கு முக்கியம் அதன் போன் செயலி: சிக்னல் உள்ள இடத்தில் ஒரு அலகை இறக்கிக்கொண்டால், வீட்டில் சிக்னல் இல்லாமல் வாசிக்கலாம், சில பயிற்சிகளைச் செய்தும் வைக்கலாம், மறுபடி சிக்னல் வரும்போது தானாக ஏற்றிவிடும். நகரத்துக்கு வேலையாக வருகிற நாளில் இறக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒவ்வொரு அலகையும் ஒரே பொதியாக வையுங்கள். பக்கத்துக்குப் பக்கம் வெளி லிங்க் போட்டால் இந்த வசதி கெட்டுவிடும்.

அளவு பற்றி. பேச்சை ஒலியாக மட்டும் 32 கிலோபிட்டில் சேமித்தால் ஐந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.2 மெகாபைட்தான் வரும். அதே ஐந்து நிமிடம் சாதாரணத் தர வீடியோ என்றால் அதைவிடப் பல மடங்கு போகும். முகத்தைக் காட்டிப் பேசுவதற்கு வீடியோ தேவையில்லை, ஒலி போதும். ஒரு வகுப்பைக் காட்ட வேண்டும், கரும்பலகையில் எழுதுகிற விதத்தைக் காட்ட வேண்டும் என்றால் மட்டும் வீடியோ போடுங்கள். அதையும் சுருக்கமாகப் போடுங்கள். எடெக்ஸ் தளத்தில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட தரவை வைத்து 2014இல் வந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஆட்கள் பார்த்தது நடுவளவாக ஆறு நிமிடத்துக்கு மேல் போகவில்லை. உங்கள் 40 நிமிடத்தில் 34 நிமிடம் யாருக்காக என்று யோசியுங்கள்.

ஆனால் உங்களுக்கு என் உண்மையான ஆலோசனை, முதல் சுற்றுக்கு மூடில் வேண்டாம். சேர்வர், பராமரிப்பு, பாஸ்வேர்ட் மறந்தவர்கள் என்று ஒரு ஆள் முழுநேரம் நிற்க வேண்டி வரும், உங்களிடம் அந்த ஆள் இல்லை. எல்லா ஆசிரியரும் ஏற்கெனவே வட்ஸ்அப்பில் இருக்கிறார்கள், கொரோனாக் காலத்தில் அதிலேயே வகுப்பும் நடத்தினார்கள். ஒவ்வொரு அலகுக்கும் ஒரு பீடிஎஃப், ஒரு ஒலிக்கோப்பு, ஒரு செயல் தாள். ஐந்து பேர் குழுவுக்கு ஒரு வட்ஸ்அப் குறூப், அறிவித்தலுக்கு மட்டும் பெரிய குறூப் ஒன்று, அதில் அட்மின் மட்டுமே எழுதலாம் என்று அமையுங்கள், இல்லாவிட்டால் காலை வணக்கப் படங்களுக்குள் பாடம் காணாமல் போய்விடும். பீடிஎஃப்பை போன் திரையில் பெரிதாக்காமல் வாசிக்கக்கூடிய எழுத்தளவில், ஒற்றைப் பத்தியாக அமையுங்கள், எழுத்து யுனிகோடில் இருக்கட்டும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பைத் திறந்தால் சில போன்களில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும். ஒரு சுற்று முடிந்து, எது வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு மூடிலுக்கு மாற்றலாம். அப்போது கூப்பிடுங்கள், வந்து போட்டுத் தருகிறேன்.


அம்பாறை சிங்கள டீச்சர்:

நான் தமிழ்மொழிப் பாடசாலை ஒன்றில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிப்பிக்கிறேன். இந்த உரையாடல் முழுதையும் வாசித்தேன், மூன்று பாடத்தையும் ஒன்றாகச் சேர்த்திருப்பது நல்லதுதான், ஆனால் எங்களுக்கு உள்ள தேவை வேறு மாதிரி, அதை விட்டுவிடாதீர்கள்.

தமிழ் படிப்பிக்கிறவருக்குத் தமிழ் தாய்மொழி. எங்களில் பலருக்குச் சிங்களம் படித்து வந்த மொழி. பாடத்தை எப்படிக் கொண்டுபோவது என்ற கவலைக்கு முன்னால், பிள்ளை பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற கவலை இருக்கிறது. அதனால் புத்தகத்தை விட்டு வெளியே போகவே பயப்படுகிறோம், பிள்ளைகளும் பேசாமல் எழுதியே காலத்தைக் கழிக்கிறார்கள். கற்பித்தல் முறை எவ்வளவு சொல்லித் தந்தாலும், பேசிப் பழக ஆள் கிடைக்காவிட்டால் எங்களுக்கு அது போதாது.

அம்பாறை மாவட்டத்தில் இதற்கு வழி கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. சிங்களமொழிப் பாடசாலைகளில் தமிழை இரண்டாம் மொழியாகப் படிப்பிக்கிற ஆசிரியர்களும் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள், அவர்களில் சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குத் தமிழில் இதே பயம். இரண்டு பேரையும் சோடியாக்குங்கள். கிழமைக்கு ஒரு குரல் செய்தி நான் சிங்களத்தில் அனுப்புவேன், அவர் தமிழில் அனுப்புவார், ஒவ்வொருவரும் மற்றவருடையதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திருத்தி அனுப்புவோம். பேச ஒரு பொருளும் வேண்டும், அது அந்தக் கிழமை வகுப்பில் நடந்ததாக இருக்கட்டும். “இன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சந்தையில் பேரம் பேசுகிற உரையாடல் செய்தேன், இந்த இடத்தில் நின்றுவிட்டார்கள்” என்று நான் சிங்களத்தில் சொன்னால், மொழியும் பழகுகிறது, பாடமும் அலசப்படுகிறது. ஒரு தோழியோடு இதை நான் தனிப்பட்ட முறையில் செய்கிறேன். எனக்கு வகுப்பில் வந்த தைரியம் இதனால்தான் வந்தது என்று நிச்சயமாகச் சொல்வேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இப்போது பிள்ளைகளோடு பேச முடிகிறது, தெரியாத சொல் வந்தால் “நாளைக்குக் கேட்டு வந்து சொல்றேன்” என்கிறேன், மறுநாள் அவளுடைய குரலையே வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன். பிள்ளைகள் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

சான்றிதழ் பற்றி யாரும் பேசவில்லை. கொடுங்கள், ஆசிரியருக்கு அது தேவைதான், தன் பைலில் வைத்துக்கொள்ள ஒன்று வேண்டும். ஆனால் எம்சிகியூ புள்ளிக்குக் கொடுக்காமல், இரண்டு செயல் தாளும், அதற்கிடையில் தன் வகுப்பில் என்ன மாறியது என்று எழுதிய ஒரு பக்கமும் தந்தவருக்குக் கொடுங்கள். அந்த ஒரு பக்கத்தை வட்ஸ்அப்பில் பகிர்ந்து பிரதி எடுக்க முடியாது, ஒவ்வொருவர் வகுப்பும் வேறு.


படுவான்கரை டீச்சர்:

சோடி சேர்க்கிற யோசனை எங்களில் ஒருவருக்குமே வந்திருக்கவில்லை, அதை இரண்டாம் மொழிக்காரருக்குத் தனி வழியாகவே வைக்கிறோம். இங்லிஷ்காரருக்கும் அதில் ஏதாவது செய்யலாமா என்று பார்க்கிறோம்.

எல்லாரோடும் பேசி இப்போதைக்கு இப்படி முடிவு செய்திருக்கிறோம்: 12 அலகு இல்லை, முதலில் குரல் பதிவு அலகு ஒன்று எல்லாருக்கும், பிறகு ஆசிரியர்களிடமே கேட்டுத் திரட்டிய கேள்விகளில் இரண்டு, கடைசியில் சொந்தத் தலைப்பு ஒன்று. குழுவுக்கு ஐந்து பேர், இரண்டு கிழமைக்கு ஒரு சந்திப்பு, வட்ஸ்அப் மட்டும். வீடியோ எடுத்து வைத்திருக்கிற சேர் கொஞ்சம் மனம் வருந்தினார், ஆனால் அவருடைய பேச்சில் மிக நல்ல பகுதிகள் இருக்கின்றன, அவற்றை ஐந்து ஐந்து நிமிட ஒலியாக வெட்டித் தர அவரே ஒத்துக்கொண்டார்.

பொத்துவில், திருக்கோவில், வாகரைப் பக்கத்திலிருந்து முதல் சுற்றில் சேர விரும்புகிறவர்கள் இருந்தால் இங்கேயே எழுதுங்கள். எந்தப் பாடம், எந்தத் தரம், உங்கள் வகுப்பில் இப்போது உங்களை அதிகம் அலைக்கழிக்கிற ஒரு கேள்வி, இந்த மூன்றையும் சேர்த்து எழுதினால் குழு பிரிக்க எங்களுக்கு உதவியாக இருக்கும்.